சாவியைக் கொடுத்துவிட்டால் வீட்டுக்கடன் தீர்ந்துவிடுமா?

கேள்வி: ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்கு லேத் ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தேன். முக்கியமான ஆர்டர் நின்றதும் பட்டறை படுத்துவிட்டது. கிருஷ்ணகிரியில் என் பெயரில் வீடு இருக்கிறது. ஐந்து வருடம் முன்பு 30 லட்சம் கடன் வாங்கிக் கட்டியது. 20 வருடக் கடன், மாதத் தவணை 26,500 ரூபாய். நான்கு தவணை நின்றுவிட்டது. மனைவி கூட்டுக் கடனாளி, மாமனார் ஜாமீன். சீட்டு, கைமாற்று, தண்டல் என்று வெளியில் இன்னொரு 11 லட்சம். போன வாரம் வங்கி சர்ஃபாசி சட்டப்படி 13(2) நோட்டீஸ் அனுப்பி, 27 லட்சத்து 40 ஆயிரம் கேட்கிறது. வீடு 41 லட்சம் வரை போகும் என்கிறார் புரோக்கர். எனக்கு ஓடித் திரிந்து விற்கத் தெம்பில்லை. சாவியை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு, மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பர்கூர் பக்கம் அப்பா பெயரில் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு உள்ளது. அதற்கும் ஆபத்து வருமா?

— கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: ஐயா, சாவியை இப்போது கொடுக்காதீர்கள். மஞ்சள் நோட்டீஸ் என்று நீங்கள் சொல்லும் ஐ.பி. மனுவும், அதாவது திவால் மனுவும், இப்போது வேண்டாம். உங்கள் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தேன். வீட்டை நீங்களே விற்றால் வங்கிக் கடனும் தீரும், வெளிக்கடனும் தீரும். திவாலாக வேண்டிய நிலையில் நீங்கள் இன்னும் இல்லை. ஆனால் கையில் இருக்கும் காலம் குறைவு.

முதலில் சாவி விஷயம். 'வீட்டை எடுத்துக்கொள், கணக்கை முடித்துவிடு' என்று வங்கியைக் கட்டாயப்படுத்தும் உரிமை நம் சட்டத்தில் கடனாளிக்குக் கிடையாது. வீடு வெறும் ஈடுதான். கடன் உங்கள் மேலும், உங்கள் மனைவி மேலும், உங்கள் மாமனார் மேலும் ஆள் பேரில் நிற்கிறது. நீங்கள் சாவியைக் கொடுத்த பிறகும் வங்கி மதிப்பீடு செய்து, விளம்பரம் கொடுத்து, ஏலம் விட்டுத்தான் பணமாக்க வேண்டும். அது முடியும் வரை வட்டி ஓடும். வங்கி கேட்கும் தொகையில் அசல் 26 லட்சத்து 50 ஆயிரம், வட்டி 8.75 சதவீதம் என்று வைத்தால் மாத வட்டி மட்டும் சுமார் 19,300 ரூபாய். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இந்தப் பணம் ஏறிக்கொண்டே போகும்.

இரண்டு வழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்களே மூன்று மாதத்தில் 41 லட்சத்துக்கு விற்றால், அதற்குள் கடன் ஏறக்குறைய 28 லட்சம் ஆகியிருக்கும். மீதி 13 லட்சம். புரோக்கருக்கு 1 சதவீதம் போனால் கையில் 12 லட்சத்து 60 ஆயிரம் சொச்சம். வெளிக்கடன் 11 லட்சத்தை அடைத்தும் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் மிஞ்சும். ஏலத்துக்குப் போனால், பத்து மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் 29 லட்சத்து 40 ஆயிரம். சுவாதீனம் எடுத்த செலவு, விளம்பரம், மதிப்பீட்டாளர், வக்கீல் எல்லாம் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். அதற்கு ஒரு லட்சம் வையுங்கள். ஏலத்தில் 33 லட்சம் வந்தால் உங்களுக்குத் திரும்புவது 2 லட்சத்து 60 ஆயிரம். 28 லட்சம்தான் வந்தது என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியை சர்ஃபாசி சட்டம் (ஈட்டுச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) 13(10)-ன் கீழ் உங்களிடமும் கேட்கலாம், மாமனாரிடமும் கேட்கலாம்.

ஏலத்தில் விலை ஏன் இறங்குகிறது என்று கேட்பீர்கள். வாங்குபவர் 25 சதவீதத்தை ஏலம் முடிந்த அன்றோ மறு வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியை 15 நாளில் கட்ட வேண்டும், நீட்டிப்புக் கேட்டு வாங்கினாலும் மூன்று மாதத்தைத் தாண்ட முடியாது. வீட்டுக்கடன் போட்டு வாங்கும் சம்பளக்காரருக்கு இந்த வேகம் ஒத்துவராது. ரொக்கம் வைத்திருப்பவர்கள்தான் வருவார்கள், அவர்கள் விலையை அடித்துத்தான் கேட்பார்கள். முதல் ஏலத்தில் ஆள் வராவிட்டால் வங்கி குறைந்தபட்ச விலையை இறக்கி மறுபடி போடும். இரண்டாவது தடவைக்கு 15 நாள் அறிவிப்பே போதும்.

இப்போது அந்த நோட்டீஸை எடுத்து மேசையில் விரித்து வையுங்கள். அதில் நான்கு இடங்களைப் பேனாவால் வட்டமிடுங்கள்: நோட்டீஸ் தேதி, கணக்கு வாராக்கடன் ஆன தேதி, கேட்கும் தொகையின் பிரிவு, கடைசியில் அட்டவணையாக வரும் சொத்து விவரம். கடனைக் கட்ட நோட்டீஸ் தரும் கெடு 60 நாள்; அதை நோட்டீஸ் தேதியிலிருந்து எண்ணி, வீட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். வாராக்கடன் தேதி, உங்கள் தவணை பாக்கி விழுந்து 90 நாள் தாண்டிய பிறகு இருக்க வேண்டும். தொகையில் அசல், வட்டி, அபராதக் கட்டணம் தனித்தனியாகத் தெரிகிறதா பாருங்கள். அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்த்து, அதன் மேல் மறுபடி வட்டி போடும் பழைய முறையை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் உத்தரவில் நிறுத்திவிட்டது. கடைசியாக சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் உங்கள் பத்திர நகலோடு ஒத்துப் பாருங்கள்.

தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த 60 நாளுக்குள் ஒரு பதில் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 13(3ஏ) பிரிவின்படி வங்கி உங்கள் பதிலைப் பரிசீலித்தே ஆக வேண்டும். ஏற்காவிட்டால் 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். அந்தக் கடிதத்தில் கெஞ்சல் வேண்டாம். 'சொத்தை நானே விற்றுக் கடனை முழுதாக அடைக்க விரும்புகிறேன், எழுத்துமூலம் அனுமதியும் 90 நாள் அவகாசமும் தாருங்கள், இன்றைய தேதிக்குக் கணக்கு முடிப்புத் தொகையும் உங்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் வேண்டும்' என்று நேராகக் கேளுங்கள். மேனேஜர் வாயால் 'சரி பாருங்க' என்று சொன்னது எங்கும் செல்லாது.

எழுத்துமூலம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 13(2) நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்கிறது 13(13). மீறினால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. பலர் இது தெரியாமல் நோட்டீஸ் வந்த வாரமே போக்கியத்துக்கு ஆள் வைத்து மாட்டிக்கொள்கிறார்கள். 'தெரிந்தவர் பெயரில் அக்ரிமெண்ட் போட்டு வைத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்பதையும் பார்த்துவிடுவோம். மிச்ச அசலை 25 வருடத்துக்கு இழுத்தாலும் தவணை 21,800-க்குக் கீழே வராது. வட்டியே 19,300 என்னும்போது அதற்குக் கீழே போக வழியே இல்லை. மாதம் 4,700 குறைவது வருமானம் இருப்பவருக்கு உதவும். பட்டறை நின்றுபோன உங்களுக்கு உதவாது. வேறு நிரந்தர வருமானம் வரப்போகிறது என்றால் மட்டும் நான்கு தவணை பாக்கியையும் அபராதத்தையும் சேர்த்துச் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரத்தை ஒரே தடவையில் கட்டுங்கள். பாக்கி முழுதும் கட்டினால்தான் கணக்கு மறுபடி நல்ல கணக்காகும். ஒரு தவணை, இரண்டு தவணை கட்டினால் வாராக்கடன் வாராக்கடனாகவே இருக்கும். மனைவியின் நகையை அடகு வைத்து இரண்டு தவணை மட்டும் கட்டும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஒரே தவணைத் தீர்வில் தள்ளுபடி கிடைக்கும் என்றும் சொல்லியிருப்பார்கள். வீட்டின் மதிப்பு கடனைவிட அதிகமாக இருக்கும்போது எந்த வங்கியும் அசலில் விட்டுக்கொடுக்காது. அபராதக் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது நடக்கும். சிபில் கடன் அறிக்கையில் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்று விழாமல் 'க்ளோஸ்டு' (முழுதாகக் கட்டி முடித்தது) என்று விழுவதும் உங்களுக்கு நல்லது.

விற்கும் வேலைக்கு வருவோம். உங்களுக்குத் தெம்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது புரிகிறது. ஆனால் இந்த மூன்று மாத அலைச்சலின் கூலி ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய். மைத்துனரையோ நம்பிக்கையான நண்பரையோ கூட வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் வீடு தேடும் சம்பளக்காரர் யாராவது கிடைத்தால், உங்கள் வங்கியிலேயே அவரைக் கடன் போடச் சொல்லுங்கள். எளிய வழி அதுதான். மூலப்பத்திரம் அங்கேயே இருக்கிறது, உங்கள் மனைக்குச் சட்டக் கருத்து ஏற்கெனவே வாங்கியிருக்கிறார்கள், ஒரு கணக்கை முடித்து இன்னொரு கணக்கைத் திறப்பதோடு வேலை முடியும். வேறு வங்கி என்றால், அந்த வங்கி உங்கள் கடன் தொகைக்கு உங்கள் வங்கியின் பெயரில் நேராக டிடி எடுக்கும், மீதிக்கு உங்கள் பெயரில் எடுக்கும். வாங்குபவரிடம் கடனை மறைக்காதீர்கள். வில்லங்கச் சான்று போட்ட நிமிடத்தில் உங்கள் அடமான ஒப்பந்தம் அவர் கண்ணில் படத்தான் போகிறது. முதல் சந்திப்பிலேயே கணக்கு முடிப்புத் தொகைக் கடிதத்தையும் வங்கி ஒப்புதலையும் காட்டுங்கள். அந்த இரண்டு தாளும் இருந்தால் அவர் பயம் பாதி போய்விடும்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அட்வான்ஸ் தொகையை வாங்குபவர் உங்கள் வீட்டுக்கடன் கணக்கிலேயே நேராகக் கட்டட்டும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அட்வான்ஸ் மூன்று லட்சம் கையில் வந்ததும், வாசலில் நிற்கும் தண்டல்காரருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு வங்கிக்குத் தொகை குறைகிறது, பத்திரம் வெளியே வரவில்லை, ஒப்பந்தக் காலம் முடிகிறது, வாங்குபவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விடுகிறார். வெளிக்கடன்காரர்களுக்குக் கிரயம் முடிந்த அன்று, மீதித் தொகையிலிருந்து கொடுங்கள்.

கிரய நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நடக்க வேண்டிய வரிசை இது. வங்கி அலுவலர் மூலப்பத்திரக் கட்டோடு வருவார். டிடியைக் கையில் வாங்கி எண்ணையும் தொகையையும் சரிபார்ப்பார். முதலில் அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணம் பதிவாகும், அடுத்து கிரயப் பத்திரம் பதிவாகும். கட்டிலுள்ள ஒவ்வொரு தாளையும் ஆவணப் பட்டியலோடு ஒத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். தாய்ப்பத்திரம் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வேலை நின்றுவிடும். மிதக்கும் வட்டிக் கடனை முன்கூட்டி முடிப்பதற்குத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது. கணக்கில் அப்படி ஏதாவது போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

வரி பற்றி ஒரு வார்த்தை. வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருடம் ஆவதற்குள் விற்றால், அசலுக்காக முன்பு கழித்த 80சி சலுகை விற்கும் வருட வருமானத்தில் திரும்பச் சேரும். மனை வாங்கிய பத்திரம், கட்டுமான பில்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் ஒரு தடவை போய் வாருங்கள்.

60 நாள் தாண்டிவிட்டால் என்ன நடக்கும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் வந்து கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டுவார். ஏழு நாளுக்குள் அது இரண்டு பத்திரிகைகளில் வரும், ஒன்று தமிழில். நீங்கள் தொடர்ந்து குடியிருக்கலாம், ஆனால் அந்தத் தாள் ஒட்டிய நாளிலிருந்து தெருவில் விலை இறங்கும். அதன் பிறகு மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ 14-ஆம் பிரிவில் உத்தரவு வாங்கி, போலீசோடு வந்து வீட்டைக் காலி செய்வார்கள். ஏல அறிவிப்புக்கு 30 நாள் காலம் உண்டு. ஆனால் கடனை முழுதாகக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு பிரசுரமாகும் வரைக்கும்தான். 2016 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலை. உச்ச நீதிமன்றமும் 2023-இல் இதை உறுதி செய்தது. ஏலத்துக்கு முந்தின நாள் வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

வங்கி நடைமுறையில் பிழை செய்தால், கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் 17-ஆம் பிரிவில் மனுப் போடலாம். உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த விஷயத்தில் சிவில் நீதிமன்றத்தின் கையைச் சட்டமே கட்டிவைத்திருக்கிறது.

அடுத்து மஞ்சள் நோட்டீஸ். நம் மாவட்டத்தில் தனிநபர் திவால் மனு இன்னும் 1920-ஆம் வருட மாகாணத் திவால் சட்டத்தின் கீழ்தான், சார்பு நீதிமன்றத்தில் நடக்கிறது. அந்த மனு வீட்டுக்கடன் வங்கியைத் தடுக்காது. ஈடு வைத்திருக்கும் கடன்காரர் தன் ஈட்டை விற்றுக்கொள்ளலாம் என்று 28(6) பிரிவே சொல்கிறது. ஏலத்தில் மிச்சம் வந்தால் அது ரிசீவர் (திவாலானவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் வைக்கும் அலுவலர்) கைக்குப் போகும். உங்களுக்கு விடுவிப்பு உத்தரவு கிடைத்தாலும், அது கூட்டுக் கடனாளியான மனைவியையும் ஜாமீன் போட்ட மாமனாரையும் விடுவிக்காது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்குகள் திரும்பினால் வரும் 138 வழக்கும் ஐ.பி.யால் நிற்காது. ஆக, நீங்கள் மனுப் போட்டால் சுமை முழுவதும் அந்த இருவர் தலையில் இறங்கும். வீடு விற்ற பிறகும் தீர்க்க முடியாத கடன் மிஞ்சினால் மட்டும் அந்த வழியைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் உடுப்பு, சமையல் பாத்திரம், தொழில் கருவி, தாலி ஆகியவற்றைத் தொட முடியாது.

இந்த இடைவெளியில் மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ எதையும் தான செட்டில்மெண்ட் எழுதாதீர்கள். இரண்டு வருடத்துக்குள் திவால் மனு வந்தால் அந்தப் பத்திரத்தை ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம். ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டி மூன்று மாதத்துக்குள் கொடுத்த பணமும் கேள்விக்கு வரும்.

மாந்தோப்பு. சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது, தவிர அந்தத் தோப்பு ஈடாகவும் இல்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால் அவர் இருக்கும்வரை உங்கள் கடனுக்கு அதில் எவருக்கும் உரிமை கிடையாது. பூர்வீகச் சொத்தாக இருந்தால், உங்கள் பங்கு என்று ஒன்று இருக்கிறது. ஏலத்தில் பாக்கி விழுந்து வங்கியோ வெளிக்கடன்காரரோ தீர்ப்பு வாங்கினால் அந்தப் பங்கை ஜப்தி செய்யலாம். இதற்கும் மருந்து வீட்டை நல்ல விலைக்கு விற்பதுதான். பயந்துபோய் இப்போது விடுதலைப் பத்திரம் எழுதினால் கடன்காரரை ஏமாற்றச் செய்தது என்று பெயர் வரும்.

தண்டல், கந்துவட்டிக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் 2003-ஆம் வருட அதீத வட்டித் தடைச் சட்டத்தின் கீழ் போலீசில் எழுத்தில் புகார் கொடுங்கள். வங்கி வசூல் ஆட்களும் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு என்பதால், கூட்டுக் கடனாளியான உங்கள் மனைவி பெயரிலேயே மனுக் கொடுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் வங்கியோடு பேசி முடிக்கவும் அங்கேயே கேட்கலாம்.

எல்லாம் செய்தும் ஆள் கிடைக்கவில்லை, சாவி கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் முறையாகக் கொடுங்கள். வீட்டைக் காலி செய்து ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுங்கள். மின் இணைப்பு எண், மீட்டர் ரீடிங், வீட்டு வரி கட்டிய தேதி, விட்டுப்போகும் பொருட்கள் எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் எழுதுங்கள். 'மிகுதித் தொகை மீதான என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்ற வரியும் அதில் வேண்டும். இரண்டு சாட்சிகள் முன் சாவியை அதிகாரம் பெற்ற அலுவலரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அன்றிலிருந்து வீட்டை ஒரு சொந்தக்காரரைப் போலக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. வெற்றுத் தாளிலோ, பூர்த்தி செய்யாத ஒப்புதல் படிவத்திலோ கையெழுத்து வேண்டாம். மதிப்பீட்டு அறிக்கையும் குறைந்தபட்ச ஏல விலையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு ஏலத்துக்கு அறிவித்த அந்த விலைக்குக் கீழே அதே ஏலத்தில் விற்க உங்கள் சம்மதமும் தேவை. 'குறைத்து விற்கச் சம்மதம்' என்ற கடிதம் நீட்டப்பட்டால் வக்கீலிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

கடன் எந்த வழியில் முடிந்தாலும், முடிந்த நாளிலிருந்து 30 நாளில் உங்களுக்குச் சேர வேண்டிய மூல ஆவணங்கள் திரும்ப வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. வங்கிக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு இலவசமாகப் புகார் அனுப்பலாம். நிலுவை இல்லாச் சான்று கைக்கு வந்து இரண்டு மாதம் கழித்து உங்கள் சிபில் அறிக்கையையும், மனைவி, மாமனார் இருவரின் அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் கணக்கு மூடியதாகக் காட்ட வேண்டும்.